மேற்கு ஜன்னல் உள்ள ஹாலுக்கு எந்த டிவி

"பிளாஸ்மாவா, எல்சிடியா? நீதானே சயின்ஸ் டீச்சர், நீ சொல்லும்மா. நீ சொன்னா அவ கேட்டுப்பா." போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லோக்கல் ரயில் சத்தத்துக்கு நடுவே போனில் இப்படிக் கேட்டாய். குக்கரை இறக்க வேண்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நான் வைத்துவிட்டேன். குக்கர் ஒரு சாக்கு. டிவியைப் பற்றிக் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒன்று சொன்னாயே, நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள் என்று, அதற்குத்தான் எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அதனால்தான், நேரில் சொல்லாமல், இந்தக் கடிதம். உன் தமிழ் வாசிப்பின் வேகம் எனக்குத் தெரியும், ஒரு பக்கத்துக்கு ஒரு டீ ஆகும். பரவாயில்லை, இதை நீ மெதுவாகப் படிப்பதே நல்லது. புரியாத இடத்தில் செல்வியிடம் கொடுத்துப் படிக்கச் சொல். அவள் ஏழாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள், உன்னைவிட நன்றாகப் படிப்பாள். அவளுக்குத் தெரியக்கூடாதது எதுவும் இதில் இல்லை.

உங்கள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. செம்பூர் ஃப்ளாட்டின் சாவி உன் கையில் இருக்கிறது. ஹால் சுவரில் பலகை அடிக்க வருகிற கார்ப்பெண்டர், டிவி எவ்வளவு அகலம், எவ்வளவு கனம், எந்தச் சுவர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். நீ பிளாஸ்மா என்கிறாய். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி படம் பார்க்க வேண்டும் என்பது உன் ஆசை. செல்வி எல்சிடி என்கிறாள். அவளுக்குப் படமும் பிடிக்கும், ஆனால் கேம் கன்சோலில் ஃபுட்பால் ஆடுவது அதைவிடப் பிடிக்கும். "கல்யாணத்துக்கு அப்புறமும் கேமா?" என்று நீ சிரித்துக்கொண்டே கேட்டாயாம். அன்றிலிருந்து போனில் எது சொன்னாலும் "ம்" என்று மட்டும் சொல்கிறாளாம். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று என்னிடம் சொன்னாய். நம்புகிறேன்.

முதலில் டிவியைப் பார்த்துவிடுவோம். பிளாஸ்மா திரையில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான சின்ன அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வாயு. மின்சாரம் பாய்ந்தால் அது அந்த அறையின் உட்பூச்சை ஒளிர வைக்கும். நம் சமையலறை டியூப்லைட்டை எடுத்துக் கடுகளவுக்கும் கீழே சுருக்கி, சுவர் முழுக்கப் பதித்தது மாதிரி நினைத்துக்கொள். ஒவ்வொன்றும் தானே எரியும், தானே அணையும். எல்சிடி வேறு விதம். அதில் புள்ளிகள் எதுவும் தாமாக எரியாது. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள் திறந்து மூடிக்கொண்டிருக்கும். கடைக்காரர் மூன்றாவதாக எல்ஈடி என்று ஒன்றைக் காட்டினால் குழம்பிவிடாதே. அதுவும் எல்சிடிதான். பின்னால் எரிகிற விளக்கை மாற்றிவிட்டு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் மற்றதெல்லாம் நீயே கண்டுபிடித்துவிடலாம். படத்தில் ராத்திரிக் காட்சி வருகிறது, வானம் கறுப்பாக இருக்க வேண்டும். பிளாஸ்மாவில் அந்த அறைகள் ஏறக்குறைய அணைந்தே விடும், அதனால் கறுப்பு கறுப்பாகத் தெரியும். எல்சிடியில் கதவை மூடினாலும் பின்னால் விளக்கு எரிகிறது. மத்தியானத் தூக்கத்துக்கு ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக வெளிச்சம் வருமே, அப்படி வந்து வானம் சாம்பல் நிறமாக நிற்கும். வேகமாக ஓடுகிறவன் பிளாஸ்மாவில் தெளிவாக ஓடுவான், எல்சிடியில் கொஞ்சம் கலங்கலாகத் தெரிவான். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தாலும் பிளாஸ்மாவில் நிறம் மாறாது. பல எல்சிடிகளில் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு எல்லா முகமும் வெளுத்துப் போயிருக்கும். இதுவரை படித்துவிட்டு நீ ஜெயித்துவிட்டதாக நினைப்பாய். இன்னும் இருக்கிறது, படி.

பிளாஸ்மாவின் முன்பக்கம் கண்ணாடி. எதிரே வெளிச்சம் இருந்தால் படத்தோடு சேர்த்து உன் ஜன்னலையும் காட்டும். அறையை இருட்டாக்கினால் அது ராஜா. பகல் வெளிச்சத்தில் முகம் வாடிவிடும். எல்சிடியில் நிறைய மாடல்கள் மங்கலான மேற்பரப்போடு வருகின்றன, பின்விளக்கும் பிரகாசமாக இருப்பதால் ஜன்னல் திறந்திருந்தாலும் தாங்கும். பிளாஸ்மா கனம் அதிகம், கரண்ட் அதிகம் இழுக்கும், சூடும் விடும். நம் ஊர் மே மாதத்தில் அது ஒரு கூடுதல் ஆள் மாதிரி ஹாலில் உட்கார்ந்திருக்கும். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. டியூப்லைட் எரிய எரிய மங்குவது போல, அந்த அறைகளின் பூச்சும் எரிய எரியத் தேயும். எல்லாம் ஒன்றாகத் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடத்தில் ஒரே உருவம் மணிக்கணக்கில் நின்றால் அந்த இடத்தில் அதன் தடம் விழுந்துவிடும்.

தடம் என்றால் என்ன என்று தெரிய வேண்டுமானால் மாடி வீட்டு மாமியின் ஹாலுக்குப் போ. நம் மாட்டுங்கா பில்டிங்கில் முதலில் பிளாஸ்மா வாங்கியவர்கள் அவர்கள்தான். மாமா கிரிக்கெட்டுக்காக வாங்கினார். மாமி காலையில் குளித்துவிட்டு வந்ததும் கோவில் நேரலை வருகிற சேனலைப் போட்டுவிடுவாள். அபிஷேகம் நடக்கும்போது எப்படி அணைப்பது, அலங்காரம் ஆகட்டும், தீபாராதனை ஆகட்டும் என்று மத்தியானம் வரை ஓடும். பார்க்க ஆள் இல்லாவிட்டாலும் ஓடும், விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. அந்த சேனலுக்கு வலது பக்கம் மேலே ஒரு குத்துவிளக்கு முத்திரை உண்டு. ஒரு வருஷத்துக்குள் அந்தக் குத்துவிளக்கு திரையிலேயே தங்கிவிட்டது. இப்போது எந்தச் சேனல் போட்டாலும் அந்த மூலையில் அது நிழலாகத் தெரியும். போன வாரம் மாமா என்னிடம் முறையிட்டார். "சிக்ஸர் அடிச்சா பந்து நேரா விளக்குல போய் விழறது, டீச்சர். அம்பயர் கையத் தூக்கினா கற்பூரம் ஒத்திக்கற மாதிரி இருக்கு." மெக்கானிக்கைக் கூப்பிடலாமே என்றேன். மாமி உள்ளேயிருந்து சொன்னாள், "அம்பாள் தானா வந்து உக்காந்திருக்கா. போன்னு சொல்லச் சொல்றேளா?" மாமா என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசி. ஃபுட்பால் கேமில் ஸ்கோர் எங்கே நிற்கும்? மேலே ஒரு மூலையில், ஆட்டம் முடியும் வரை அசையாமல். கீழே மைதானத்தின் சின்னப் படம், அதுவும் அசையாது. ஞாயிற்றுக்கிழமை செல்வியும் அவள் தம்பிகளும் நாலு மணி நேரம் ஆடினால் பிளாஸ்மா அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு நாளில் விழுகிற நிழல் வேறு படம் ஓடினால் மறைந்துவிடும். வருஷக்கணக்கில் அதுவே ஆனால் மாமி வீட்டு விளக்குதான். ஆக, நீ வேகத்துக்காகப் பிளாஸ்மாதான் கேமுக்கும் நல்லது என்று அவளிடம் வாதாடியதும் பாதி சரி. அவள் கேமுக்கு எல்சிடிதான் என்றதும் பாதி சரி. ஆனால் அவள் சொன்ன பாதியில் டிவி வீணாகப் போகிற விஷயம் இருந்தது, நீ கேட்கவில்லை. இன்னொன்றையும் கடையில் கவனி. பட்டனை அழுத்திய பிறகு திரையில் ஆள் உதைக்க எவ்வளவு தாமதம் ஆகிறது என்பது பிளாஸ்மா, எல்சிடி என்பதைப் பொறுத்தது இல்லை. டிவி படத்தை மெருகேற்ற எடுத்துக்கொள்ளும் நேரம் அது, மாடலுக்கு மாடல் மாறும். அதைக் குறைக்கக் கேம் மோட் என்று ஒன்று உள்ளே இருக்கும். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்கு.

இனி டிவி இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். நீ இரண்டாவது படிக்கும்போது நம் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. நான் ஸ்கூலிலிருந்து வருவதற்கும் கடைப் பையன்கள் அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்கும் சரியாக இருந்தது. "மேடம், கிதர் ரக்னே கா?" என்று, எங்கே வைக்க வேண்டும் என ஒருவன் என்னைக் கேட்டான். நான் சமையலறை வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரைக் காட்டினேன். உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "அவளுக்கு எங்கடா பாக்க டைம் இருக்கு? இங்க வை, இங்கதான் நேரா இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் வேலைச் சுமையைப் பார்த்து இரக்கமாகத்தான் சொன்னார். டிவி கட்டிலுக்கு நேராகப் போயிற்று. அதன் பிறகு எத்தனையோ வருஷம் நான் தோசை வார்த்துக்கொண்டே நம் வீட்டு டிவியைக் காதால் கேட்டேன். எந்த சீரியலில் யார் வருகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். முகம் தெரியாது. இதை எழுதும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். வாசித்துக் காட்டினேன். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா மாத்தி வச்சிருப்பேனே" என்றார். மாற்றியிருப்பார்தான், நல்ல மனுஷன். ஆனால் ஒரு முறை கையைக் காட்டி, அது நடக்காமல் போன பிறகு, இரண்டாவது முறை சொல்ல எனக்கு வரவில்லை. டிவிக்காகச் சண்டை போடுவதா என்று தோன்றிவிட்டது. வீட்டில் நிறைய விஷயம் அப்படித்தான் நின்றுபோகும்.

நேற்று முகூர்த்தப் புடவைக்குச் செல்வியின் ஜாக்கெட் அளவு வாங்கத் தாராவி போனேன். தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், செல்வியின் அப்பா ஜீன்ஸ் தைக்கிற பட்டறைக்கு மேல்தான் அவர்கள் வீடு. காலை பதினோரு மணி. உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் கை எட்டுகிற தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். அவள் அப்பா எனக்காக மெஷினை நிறுத்திவிட்டு டீயோடு மேலே வந்தார். "ஃபேனுக்குக் கீழ உக்காருங்க டீச்சரம்மா, இல்லன்னா வெந்துருவீய." செல்வியின் கடைசித் தம்பி கட்டில் ஓரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். "அத்தே, ஒரு விஷயம் தெரியுமா? மாப்ள போன மாசம் அக்காட்ட அஞ்சு கோல் வாங்கிட்டாரு. அதாம் டிவியவே மாத்தணுங்காரு." செல்வி இன்ச் டேப்பால் அவன் தலையில் ஒன்று போட்டாள். "சும்மா கெட லே." நீ அந்த அஞ்சு கோலை என்னிடம் சொல்லவே இல்லை.

அவள் எங்கே இவ்வளவு ஆடக் கற்றாள் என்று கேட்டேன். அவள் அப்பாதான் பதில் சொன்னார். "முன்னால இந்த முக்குல எட்டு டிவி வச்சு ஒரு கேம் கடை இருந்துச்சு டீச்சரம்மா. பூரா பயலுவ கூட்டம். பொட்டப்புள்ளைக்கி இங்க என்ன சோலின்னு ஒருத்தன் கேட்டுட்டான். அழுதுகிட்டு வந்தா. மறுநாளு நானே கூட்டிட்டுப் போனேன். வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். ஒரு பய வாயத் தொறக்கல."

"அன்னிக்கு ஒரு நாளா?"

"எங்க ஒரு நாளு. ஞாயித்துக்கெழம தோறும் உக்காந்திருக்கேன். கீழ மெஷின் சும்மா கெடக்கும். கேக்கிறவன்ட்ட வசூலுக்குப் போறேன்னு சொல்லிருவேன்."

"உங்களுக்கு அந்த ஆட்டம் புரியுமா?"

"என்னத்தப் புரியுது. பச்சத் தரையில அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதானுவ. இவ சிரிச்சான்னா ஜெயிச்சுட்டான்னு வச்சுக்கிடுவேன்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டு எனக்குத் தர வேண்டிய தன் அளவு ஜாக்கெட்டை மடித்தாள். அவர் கீழே போன பிறகு மெதுவாக ஒன்று கேட்டாள். "அத்தை, ஹால் ஜன்னலுக்குக் கனமான திரைதான் போடணுமா?" யார் சொன்னது என்றேன். "சும்மா கேட்டேன்" என்றாள். உன் வீடு, உனக்குப் பிடித்ததைப் போடு என்றேன். "வீடு ரெண்டு பேருக்கும்தானே அத்தை" என்று சொல்லிவிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உங்கள் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல் இல்லை. நீ என்னைத் துணைக்குக் கூப்பிட்ட அதே வாரத்தில் அவள் என்னை வாசற்படி வரை கொண்டுவந்து விட்டு, பஸ்ஸில் பார்த்து ஏறுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. ஃப்ளாட் பார்க்கப் போன அன்று நீயே என்னிடம் சொன்னதுதான். டோம்பிவிலியில் இதைவிடப் பெரியது, குறைந்த விலையில் கிடைத்தும், செம்பூர் ஃப்ளாட்டின் ஹாலுக்குள் நுழைந்ததும் செல்வி நேராக ஜன்னலுக்குப் போய் நின்றுவிட்டாள் என்றாய். மேற்குப் பார்த்த ஜன்னல், வெளியே தூங்குமூஞ்சி மரம், சாயங்கால வெயில் தரை முழுக்க. பாத்ரூம் குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் இதுவே போதும் என்றாள், பைத்தியம் என்று சொல்லிச் சிரித்தாய். பகலிலும் டியூப்லைட் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்த பெண் அவள். நீ கேட்கிற டிவிக்கு அந்த ஜன்னலை மூட வேண்டும். அவள் கேட்கிற டிவிக்கு அது திறந்திருக்கலாம். அவளுக்கு இந்தக் கணக்கு உனக்கு முன்பே புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தப்பாகவும் இருக்கலாம், நானும் ஊகித்துத்தான் எழுதுகிறேன். அவளைக் கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டியவன் நீ.

நான் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள் என்றாயே, அது உண்மை. கேட்டுக்கொள்வாள். பிளாஸ்மாதான் நல்லது என்று நான் ஒரு வரி சொன்னால் போதும். மாமியார், அதிலும் டீச்சர், அதிலும் சயின்ஸ் டீச்சர் என்று மறுபேச்சில்லாமல் கனமான திரையைத் தைத்து மாட்டிவிடுவாள், அவள் அப்பா பட்டறையிலேயே தைத்துக் கொடுப்பார். நீயும் சந்தோஷமாகப் படம் பார்ப்பாய். அவள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து அந்த ஹாலில் மறுபடியும் லைட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாள், ஏன் கேமை விட்டுவிட்டாய் என்று நீ கேட்டால் நேரமில்லை என்பாள். எல்சிடிதான் என்று நான் சொன்னாலும் கதை பெரிதாக மாறாது. அம்மா அவள் பக்கம் பேசிவிட்டாள் என்று உனக்குள் ஒன்று உட்கார்ந்துவிடும், திரையில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிற ஒவ்வொரு ராத்திரியும் அது தெரியும். அதனால் நான் எந்தப் பெயரையும் சொல்லப்போவதில்லை. டிவிக்கு மட்டும் இல்லை, இனி உங்கள் இருவருக்கும் நடுவில் வருகிற எதற்கும் என்னைக் கூப்பிடாதே. சமையல் குறிப்பு கேள், பணமுடை என்றால் சொல், குழந்தை பிறந்தால் வந்து ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொள்கிறேன். அவளை உன் வழிக்குக் கொண்டுவர என் குரலைக் கேட்காதே.

ஆனால் வாங்க வேண்டியது வாங்கத்தான் வேண்டும், கார்ப்பெண்டர் காத்திருக்கிறான். ஆகவே வழியை மட்டும் சொல்கிறேன். ஹால் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கப்போகிறது, படம்தான் அதிகம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்தால் பிளாஸ்மா. ஜன்னல் திறந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை தம்பிகள் வந்து மணிக்கணக்கில் ஆடுவார்கள் என்றால் எல்சிடி. அப்போது பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் வெளுக்காத மாடலாகப் பார்த்து வாங்குங்கள், தரையில் ஓரமாக உட்காருகிறவனுக்கும் பந்து தெரிய வேண்டும். கடையில் நாலா பக்கமும் விளக்கு எரியும், எல்லா டிவியையும் கண் கூசும் அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அதை நம்பாதே. ரிமோட்டை வாங்கி சினிமா மோடில் போடச் சொல், பிறகு பார். செல்வி கன்சோலையும் எடுத்துக்கொண்டு வரட்டும், ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்கக் கடைக்காரர் விடுவார். விடாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை செய். என் ஸ்டூடண்ட்ஸுக்குக் கொடுத்த மாதிரி சின்னச் சோதனைதான், செலவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் செல்வியைச் செம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போ. பாத்ரூமுக்கென்று வாங்கி இன்னும் மாட்டாமல் வைத்திருக்கிறாயே, அந்த முகக்கண்ணாடியை எடுத்து டிவி வரப்போகிற இடத்தில், அதே உயரத்தில், சுவரோடு சாய்த்து நிறுத்து. ஜன்னலை முழுக்கத் திற. அவளுக்குப் பிடித்த இடத்தில் அவளை முதலில் உட்காரச் சொல், அப்புறம் நீ உட்கார். அங்கிருந்து கண்ணாடியில் என்னென்ன தெரிகிறது என்று அவளைக் கேள். அவள் சொல்லி முடிக்கும் வரை நீ எதுவும் பேசாதே.